மூன்று வயதின் கணக்கு: அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் மாண்டிசோரி முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசிடம் உரிமைப் பத்திரம் பெற்று அரசுப் பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளால் உண்மையான மாண்டிசோரிக் கல்வியைத் தர முடியுமா என்ற கேள்வி அந்நாட்டுக் கல்வியாளர்களிடையே பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. மாண்டிசோரி முறை வசதி படைத்தோரின் தனியார் பள்ளிகளுக்கென்றே பிறந்தது என்றும், அதைப் பொதுப் பள்ளிக்குள் கொண்டுவரும்போது ஏதோ ஒன்று குறைந்தே தீரும் என்றும் ஓர் அனுமானம் இக்கேள்வியின் அடியில் இருக்கிறது. அம்முறையின் வரலாறு இந்த அனுமானத்துக்கு இடம் தரவில்லை. பள்ளியை யார் நடத்துகிறார் என்பதைவிட, ஒரு குழந்தையை எந்த வயதிலிருந்து அரசு தன் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது என்பதே இக்கல்வியின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்திருக்கிறது என்பதைக் கடந்த நூற்றாண்டின் நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதல் மாண்டிசோரி வகுப்பே ஒரு வரவுசெலவுக் கணக்கிலிருந்துதான் பிறந்தது. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், பழைய குடியிருப்புக் கட்டடங்களைச் செப்பனிட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்ட ஒரு நிறுவனம் நடைமுறைச் சிக்கல் ஒன்றைச் சந்தித்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின், பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் மாடிப்படிகளில் சுற்றித் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவற்றைப் பழுதுபார்க்க ஆகும் பணத்தைக் கொண்டே குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுவனத்தின் தலைவரான பொறியாளர் எதோவார்தோ தாலமோ கணக்கிட்டு, மருத்துவப் பட்டம் பெற்று மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியிருந்த மரியா மாண்டிசோரியிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். 1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறக்கப்பட்டது. 'காசா தெய் பம்பீனி', அதாவது குழந்தைகள் இல்லம் என்று பெயர் பெற்ற அவ்விடத்தில், குடியிருப்போரின் மூன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. குழந்தையைத் தூய உடம்போடும் உடையோடும் உரிய நேரத்தில் அனுப்புவதும், தாய் வாரம் ஒருமுறையாவது ஆசிரியையைக் கண்டு பேசுவதும் மட்டுமே பெற்றோரின் கடமைகளாக விதிக்கப்பட்டிருந்தன.

அந்த அறையிலும் அதற்குப் பின்வந்த வகுப்புகளிலும் உருவான முறைக்கு நான்கு தூண்கள் உண்டு. முதலாவது, மூன்றாண்டு வயது வேறுபாடுள்ள குழந்தைகள் ஒரே வகுப்பில் இருப்பது. மூன்று வயதில் சேரும் குழந்தை ஆறு வயது வரை அதே அறையில், அதே ஆசிரியரிடம் இருந்து, பெரியவர்களைப் பார்த்துக் கற்று, பின்னர் தானே பெரியவராகிச் சிறியவர்களுக்குக் கற்றுத்தரும். இரண்டாவது, ஒவ்வொன்றும் ஒரு கருத்தை மட்டும் தனிமைப்படுத்திக் காட்டும் கருவிகள். விளிம்பில் ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை வளரும் பத்து கனசதுரங்களாலான இளஞ்சிவப்புக் கோபுரமும், விரலால் தடவி வடிவத்தை உணரும் உப்புத்தாள் எழுத்துகளும் இவ்வகையின. மூன்றாவது, இடையூறில்லாத மூன்று மணி நேர வேலைப்பொழுது. நான்காவது, பாடம் நடத்துவதைவிடக் கவனித்துப் பார்ப்பதில் பயிற்சி பெற்ற ஆசிரியர்.

இவற்றில் மூன்றாவது தூணே பொதுப் பள்ளிகளில் முதலில் ஆட்டம் கண்டது. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ளத் தங்கநிற மணிகளைக் கொண்டு நடக்கும் கூட்டல் கணக்கைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஒற்றை மணி ஒன்றைக் குறிக்கும். கம்பியில் கோத்த பத்து மணிகள் பத்தை. பத்துச் சரங்களை இணைத்த சதுரம் நூறை. பத்துச் சதுரங்களை அடுக்கிய கனசதுரம் ஆயிரத்தை. இரண்டு குழந்தைகள் ஆளுக்கொரு நான்கிலக்க எண்ணைப் பெற்றுக்கொண்டு, தட்டை ஏந்தி அலமாரிக்கும் பாய்க்கும் இடையே நடந்து, அந்த எண்ணுக்கான மணிகளைச் சுமந்து வந்து விரித்து, இரண்டையும் ஒன்றாகக் கூட்டுகின்றன. ஒற்றை மணிகள் பத்தை எட்டினால், பத்தை எண்ணி எடுத்துப்போய் 'வங்கி'யில் கொடுத்து ஒரு சரமாக மாற்றி வருகின்றன. கரும்பலகையில் ஒரு நிமிடத்தில் முடியும் கணக்கு இங்கே ஒரு முற்பகலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. வேலை தொடங்கி ஒரு மணி நேரம் கழிந்ததும் வகுப்பில் சலசலப்பு எழுவதையும், அதைத் தடுக்காமல் விட்டால் அதற்குப் பின்னரே ஆழ்ந்த ஈடுபாடு வருவதையும் மாண்டிசோரி பதிவு செய்து, அச்சலசலப்பைப் பொய்ச் சோர்வு என்று விளக்கினார். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும் பள்ளியில் குழந்தை அப்பொய்ச் சோர்வைக்கூட எட்டாமலே திரும்புகிறது.

அமெரிக்காவுக்கு இம்முறை சென்ற வழி ரோமில் அது பிறந்த வழிக்கு நேர்மாறானது. 1911இல் 'மக்ளூர்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரைகள் மாண்டிசோரியின் பெயரைப் பரப்பின. அதே ஆண்டில் ஆன் ஜார்ஜ் என்ற ஆசிரியை நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரை ஊரான டாரிடவுனில் வசதியான குடும்பங்களின் பிள்ளைகளுக்காக முதல் வகுப்பைத் தொடங்கினார். தொலைபேசியோடு பெயர் இணைந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய மனைவி மேபலும் ஆதரவாளர்களாயினர். 1913 டிசம்பரில் மாண்டிசோரி கார்னகி அரங்கில் உரையாற்றினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த மாண்டிசோரி வகுப்பறையைக் காணக் கூட்டம் திரண்டது. ஆனால் 1914இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் எழுதிய சிறு நூல், இம்முறையின் உளவியல் அரை நூற்றாண்டு பின்தங்கியது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிகளில் அத்தீர்ப்பு எடுபட்டது. ஆசிரியர் பயிற்சியையும் கருவிகளின் உற்பத்தியையும் மாண்டிசோரி தம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்பியதும் பரவலுக்குத் தடையாக நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் இயக்கம் அமெரிக்காவில் ஏறத்தாழ மறைந்துபோனது.

இடைப்பட்ட காலத்தில் முறையின் ஒரு முக்கியப் பகுதி தமிழ் மண்ணில் உருவானது. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரிக்கு உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. இத்தாலியர் என்பதால் அவருடைய மகன் மாரியோ 1940இல் சில காலம் தடுத்து வைக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தபோது, பல வயதுக் குழந்தைகளோடும் மலைச்சரிவின் செடிகொடிகளோடும் பூச்சிகளோடும் பணியாற்றிய இருவரும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குரிய 'பிரபஞ்சக் கல்வி' என்னும் பாடத்திட்டத்தை விரிவுபடுத்தினர். அண்டத்தின் தோற்றம், உயிரின் வரவு, மனிதனின் வரவு, எழுத்தின் கதை, எண்ணின் கதை எனப் பெருங்கதைகளில் தொடங்கி, நிலவியலையும் உயிரியலையும் வரலாற்றையும் ஒன்றோடொன்று பின்னிக் காட்டும் இத்திட்டமே இன்று அமெரிக்கப் பொதுத் தொடக்கப் பள்ளிகளின் மாண்டிசோரி வகுப்புகளுக்கும் அடிப்படை. ஆண்டுவாரியாகப் பாடத்தைக் கூறுபோடும் மாநிலப் பாடத்திட்டத்தோடு அது ஏன் உரசுகிறது என்பதும் இங்கிருந்தே விளங்கும்.

அமெரிக்காவில் இரண்டாம் அலையை எழுப்பியவர் நான்சி மெக்கார்மிக் ராம்புஷ். அவர் 1958இல் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் விட்பி பள்ளியைத் தொடங்குவதில் முன்னின்று, 1960இல் அமெரிக்க மாண்டிசோரிக் கழகத்தை நிறுவினார். உள்ளூர்ச் சூழலுக்கேற்ப முறையை மாற்றிக்கொள்ளலாம் என்ற அக்கழகத்துக்கும், 1929இல் மாண்டிசோரியே நிறுவிய அனைத்துலக மாண்டிசோரிச் சங்கத்துக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. பெயருக்கு யார் உரிமையாளர் என்ற வழக்கு எழுந்தபோது, 'மாண்டிசோரி' என்பது ஒரு கல்விமுறையைக் குறிக்கும் பொதுச்சொல், அதை எவரும் தனியுரிமையாகக் கொள்ள முடியாது என்று அமெரிக்க வணிகக்குறித் தீர்ப்பாயம் 1967இல் முடிவு செய்தது. அன்றுமுதல் அலமாரியில் இளஞ்சிவப்புக் கோபுரத்தை வைத்த எவரும் அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்றாயிற்று. 'உண்மையான' என்ற அடைமொழி அமெரிக்க விவாதத்தில் நீங்காமல் ஒட்டிக்கொண்டதற்கு இத்தீர்ப்பே பெருங்காரணம்.

பொதுப் பள்ளிகளின் கதவை மாண்டிசோரிக்குத் திறந்துவிட்டது கல்விக் கோட்பாட்டைவிட நிறவெறிப் பிரிவினைக்கு எதிரான சட்டப் போராட்டமே ஆகும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டுப் பிரௌன் தீர்ப்பு, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பொதுப் பள்ளிகள் நடத்துவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் கட்டாயத் திட்டங்கள் 1970களில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. அப்போது நகரப் பள்ளி நிர்வாகங்கள் கண்ட மாற்றுவழி 'மேக்னட்' பள்ளி, அதாவது தனிச்சிறப்புள்ள கல்வியைக் காட்டி எல்லா இனப் பெற்றோரையும் காந்தம்போல் தாமாக வரவழைக்கும் பொதுப் பள்ளி. தனியார் பள்ளியில் மட்டும் கிடைத்துவந்த மாண்டிசோரி அதற்கு ஏற்ற ஈர்ப்பாக அமைந்தது. சின்சினாட்டி நகரின் சாண்ட்ஸ் பள்ளி 1975இல் இவ்வகையில் நாட்டின் முதல் பொது மாண்டிசோரிப் பள்ளிகளுள் ஒன்றாகத் தோன்றியது. மறு ஆண்டு, பள்ளிகளில் சட்டவிரோத இனப் பிரிவினை நிலவுவதாகக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த மில்வாக்கி நகரமும் அதே வழியில் இறங்கியது.

மில்வாக்கிக்கு வாய்த்த ஒரு சாதகம் அதிகம் பேசப்படுவதில்லை. விஸ்கான்சின் மாநில அரசியல் சட்டம் நான்கு வயது முதலே இலவசப் பள்ளிக் கல்விக்கு வழிவகுக்கிறது. நகரப் பள்ளி நிர்வாகமோ மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் இடம் தந்தது. ஆகவே சான் லொரென்சோவைப் போலவே அங்கும் குழந்தை மூன்று வயதில் வகுப்புக்குள் நுழைய முடிந்தது. 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஏஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-க்வெஸ்ட்டும் வெளியிட்ட ஆய்வு மில்வாக்கியின் ஒரு பொது மாண்டிசோரிப் பள்ளியைக் களமாகக் கொண்டதற்கு இது ஒரு பின்னணி. அப்பள்ளியில் சேர விண்ணப்பித்துக் குலுக்கலில் இடம் கிடைத்த 59 குழந்தைகளையும் இடம் கிடைக்காத 53 குழந்தைகளையும் ஒப்பிட்ட அவ்வாய்வில், ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் சமூக நடத்தையிலும் மாண்டிசோரிக் குழந்தைகள் முன்னிலையில் இருந்தனர். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இக்கல்வி சாத்தியமே என்பதற்கு வலுவான முதல் சான்று, சார்ட்டர் பள்ளியிலிருந்தன்றி நகர நிர்வாகத்தின் சாதாரணப் பள்ளியிலிருந்து வந்தது.

சார்ட்டர் என்பது உரிமைப் பத்திரம். பெற்றோரோ ஆசிரியர்களோ ஓர் அமைப்போ அரசிடமிருந்து அப்பத்திரத்தைப் பெற்று, கட்டணம் வாங்காமல், பல விதிகளிலிருந்து விலக்குப் பெற்றுப் பள்ளியை நடத்தலாம். அதற்கு ஈடாகக் குறித்த ஆண்டுகளுக்குள் வாக்களித்த விளைவுகளைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பத்திரம் பறிபோகும். 1991இல் மினசோட்டா மாநிலம் முதல் சார்ட்டர் சட்டத்தை இயற்ற, மறு ஆண்டு முதல் பள்ளி செயின்ட் பால் நகரில் திறந்தது. மாண்டிசோரி ஆசிரியர்களுக்கு இந்த ஏற்பாடு இயல்பாகவே கவர்ச்சியாக இருந்தது. மேக்னட் பள்ளியில் நகர நிர்வாகம் பேருந்து நேரத்தையும் இசை, உடற்பயிற்சி வகுப்புகளையும் வாங்க வேண்டிய பாடநூலையும் தீர்மானித்து, மூன்று மணி நேர வேலைப்பொழுதைத் துண்டாடியது. மாண்டிசோரிப் பயிற்சி பெற்ற முதல்வர் ஓய்வு பெற்றால் அடுத்து வருபவர் அம்முறையை அறியாதவராகவும் இருக்கலாம். சார்ட்டர் பள்ளியோ தன் கால அட்டவணையைத் தானே வகுக்கலாம், ஆசிரியர்களைத் தானே தேர்ந்தெடுக்கலாம், பாடநூலுக்குப் பதில் கருவிகளை வாங்கலாம். நான்கு தூண்களில் மூன்று இவ்வாறு பள்ளியின் கைக்கு வந்தன.

வராதது முதல் தூண். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் பொதுக் கல்விக்கான தலைக்கு இவ்வளவு என்ற நிதி கிண்டர்கார்டன் எனப்படும் ஐந்து வயது வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. மாண்டிசோரிக் கணக்கில் ஐந்து வயது என்பது மூன்றாண்டுச் சுற்றின் கடைசி ஆண்டு. முதலிரு ஆண்டுகளில் கையால் தடவியும் சுமந்தும் சேர்த்துவைத்தவை வாசிப்பாகவும் கணக்காகவும் வெளிப்படும் ஆண்டு அது. அங்கிருந்து தொடங்கும் சார்ட்டர் பள்ளி, விதைக்காமல் அறுவடைக்குப் போனதற்கு ஒப்பாகிறது. இக்குறையைச் சரிகட்டச் சில பள்ளிகள் மூன்று, நான்கு வயதுக்குக் கட்டண வகுப்புகளை ஒட்டி நடத்தின. அப்போது கட்டணம் செலுத்த முடிந்தவரின் பிள்ளைகள் முழுச் சுற்றையும் பெற, மற்றவர் நடுவில் வந்து சேரும் நிலை உண்டானது. விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்தால் குலுக்கல் நடத்த வேண்டும் என்பது கூட்டாட்சி நிதி பெறும் சார்ட்டர் பள்ளிக்குரிய விதி. இவ்விதியின் நியாயத்தை மறுக்க முடியாது. ஆயினும் உப்புத்தாள் எழுத்தையோ தங்கநிற மணியையோ கண்டிராத எட்டு வயதுப் பிள்ளையும் அதன்வழி வகுப்புக்குள் வருகிறது.

எட்டு வயதில் இன்னொரு முட்டுக்கட்டையும் காத்திருக்கிறது. 2002இல் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' என்னும் கூட்டாட்சிச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும் என்று விதித்தது. 2015இல் அதற்கு மாற்றாக வந்த சட்டமும் அத்தேர்வுகளைக் கைவிடவில்லை. மேக்னட் பள்ளிக்குக் குறைந்த மதிப்பெண் ஓர் அவமானம் என்றால், உரிமைப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டிய சார்ட்டர் பள்ளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. எனவே பயிற்சித் தாள்களும் மாதிரித் தேர்வுகளும் மாண்டிசோரி அலமாரிக்குள் இடம்பிடித்தன. இது விளைவைக் கூட்டும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கருவிகளை மட்டும் வைத்திருந்த வகுப்புகளையும், அவற்றோடு வேறு புதிர்களும் பயிற்சித் தாள்களும் கலந்திருந்த வகுப்புகளையும் ஒப்பிட்டு லில்லார்ட் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கலப்பில்லாத வகுப்புக் குழந்தைகளே ஓராண்டில் கூடுதல் முன்னேற்றம் கண்டிருந்தனர்.

வாஷிங்டன் நகரத்தின் அனுபவம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தலைநகரமான அது 2008இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் கல்வியைப் பொது நிதியில் விரிவுபடுத்தும் சட்டத்தை இயற்றியது. நகர நிர்வாகப் பள்ளிகளைப் போலவே சார்ட்டர் பள்ளிகளும் அவ்வயதினருக்கு நிதி பெற்றன. 2003இலேயே தொடங்கியிருந்த லத்தீன் அமெரிக்க மாண்டிசோரி இருமொழிப் பள்ளியும், 2014இல் தொடங்கிய லீ மாண்டிசோரிப் பள்ளியும், அவற்றுக்குப் பின் வந்தவையும் கட்டணமின்றி மூன்று வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்து முழுச் சுற்றையும் நடத்த இந்நிதி வழிசெய்தது. பத்திரம் ஒன்றுதான், சட்டத்தின் சாரமும் ஏறத்தாழ ஒன்றுதான். நிதி தொடங்கும் வயது இரண்டாண்டு முன்னுக்கு இருந்ததால் பள்ளியால் தர முடிந்தது மாறியது.

ஆயினும் யாருக்கு இக்கல்வி போய்ச் சேர்கிறது என்பது தனிக் கேள்வி. பொது மாண்டிசோரிப் பள்ளிகளின் மாணவர் சேர்க்கையை ஆராய்ந்த மிரா டெப்ஸ், ஒட்டுமொத்தத்தில் அவை பல இனத்தவரும் பல வருமானத்தவரும் கலந்த பள்ளிகளாக இருப்பதையும், சார்ட்டர் வகைப் பள்ளிகளில் மட்டும் அக்கலப்பு குறிப்பாகச் சிக்கலுக்குள்ளாகியிருப்பதையும் காட்டினார். இனக் கலப்பை நோக்கமாகக் கொண்டு மேக்னட் பள்ளி பிறந்தது. சார்ட்டர் பள்ளியின் பிறப்பில் அந்நோக்கம் இல்லை. விண்ணப்பக் காலக்கெடு, பேருந்து வசதி, முறையைப் பற்றிய முன்னறிவு ஆகியவை சேர்ந்து, குலுக்கலுக்கு முன்பே ஒரு சல்லடையாகச் செயல்படுகின்றன. ஏழைத் தொழிலாளரின் வீட்டு வாசலிலேயே பிறந்த முறைக்கு இது சிறிய குறையன்று.

2025இல் வெளியான ஆய்வொன்று இவ்விவாதத்தை மீண்டும் கணக்குப் புத்தகத்துக்கே கொண்டு சேர்த்தது. 24 பொது மாண்டிசோரித் திட்டங்களில் மூன்று வயதில் சேரக் குலுக்கலில் பங்கேற்ற 588 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அவ்வாய்வில், கிண்டர்கார்டன் முடிவில் இடம் கிடைத்தவர்கள் வாசிப்பிலும் நினைவாற்றலிலும் தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளும் திறனிலும் முன்னிலையில் இருந்தனர். அதோடு, மூன்றாண்டுகளில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு வழக்கமான வகுப்புகளைவிட ஏறத்தாழ 13,000 டாலர் குறைவு என்றும் கணக்கிடப்பட்டது. மூத்த குழந்தை இளையதற்குக் கற்றுத்தரும் வகுப்பில் ஓர் ஆசிரியர் கூடுதல் பிள்ளைகளைக் கவனிக்க முடிவதே இச்சிக்கனத்தின் முதன்மைக் காரணம். அதாவது, எந்தத் தூணுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் பணம் தருவதில்லையோ அந்தத் தூணே செலவையும் குறைக்கிறது. சுவர்களைப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு ஓர் அறை கொடுப்பதே மலிவு என்று சான் லொரென்சோவில் ஒரு பொறியாளர் 1907இல் கண்டுகொண்டார். சார்ட்டர் பள்ளியால் உண்மையான மாண்டிசோரிக் கல்வியைத் தர முடியுமா என்பதற்கான விடை, அதே கூட்டலை மூன்று வயதிலிருந்து போட ஒவ்வொரு மாநிலத்தின் கருவூலமும் முன்வருகிறதா என்பதில் அடங்கியிருக்கிறது.